மணலில் மூடிய மீன்: தவக்காலமும் எங்கள் பிள்ளைகளும்

நாயாற்றுக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பையனைக் கண்டேன். எட்டு வயது இருக்கும். வலையின் மடி கரையேறியதும் பெரியவர்கள் எல்லாரும் மீனைத் தரம் பிரிக்கக் குனிந்துவிட்டார்கள். குவியலிலிருந்து துள்ளிச் சற்றுத் தள்ளி விழுந்த பாரைக்குட்டி ஒன்றை அவன் காலால் மெல்லத் தன் பக்கம் இழுத்தான். பெருவிரலால் மணலைத் தள்ளி அதை மூடினான். பிறகு ஒன்றும் நடவாதது போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கயிற்றில் கைவைத்தவனுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது கரையின் வழக்கம். அவனும் கயிறு பிடித்தவன்தான், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இருந்தும் மூடினான். கொஞ்ச நேரம் போனது. குனிந்தான், மணலைக் கிளறினான், மீனை எடுத்து அலையில் அலசிக் குவியலில் கொண்டுபோய்ப் போட்டான். யாரும் அவனை அதட்டவில்லை. என்னைத் தவிர யாரும் காணவுமில்லை.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பின்னேரம் சிலுவைப்பாதையில் முழங்காலில் நின்ற பிள்ளைகளுக்குள் அவனும் இருந்தான். மூடியதற்கும் எடுத்ததற்கும் இடையில் அவனுக்குள் என்ன நடந்தது? அதை ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியுமென்றால், விபூதிப் புதனிலிருந்து பெரிய சனிவரை, ஞாயிறுகள் ஆறையும் கழித்து நாங்கள் எண்ணும் அந்த 40 நாட்களில் இப்போது கையாளும் வழிகள் அதற்குப் போதுமா? பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பெடுத்த எனக்கு இந்தக் கேள்விகள் ஓய்ந்ததில்லை. அதனால் வேதநூல் சொல்வதையும், திருச்சபைச் சட்டம் சொல்வதையும், உளவியல் ஆய்வாளர் கண்டதையும், எங்கள் வீடுகளில் நடப்பதையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்க விரும்பினேன்.

நாயாறு, முல்லைத்தீவு நகரத்துக்குத் தெற்கே, களப்பு கடலோடு சேரும் இடம். வடக்கே செம்மலையும் அளம்பிலும். தெற்கே கொக்குத்தொடுவாயும் கொக்கிளாயும். 1984 இன் இறுதியில் இந்தக் கரையோரத் தமிழ் ஊர்கள் பலவற்றிலிருந்து மக்கள் விரட்டப்பட்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்து, போர் முடிந்த பிறகே திரும்ப முடிந்தது. இடையில், 2004 டிசம்பர் 26 அன்று, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தது. வாடைக்காற்று அடங்கிக் கடல் தணியத் தொடங்கும் மாசி, பங்குனியில்தான் தவக்காலம் வரும். அதன் பின்னாலேயே நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களத் தொழிலாளர் படகுகளோடு வந்து வாடி அடிக்கும் பருவமும் தொடங்கும். அவர்களிலும் பலர் கத்தோலிக்கர். ஒரே கடல், ஒரே சிலுவை, மீனுக்காக ஓயாத பிணக்கு. பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

வகுப்பில் முதலில் கால் தட்டுவது ஒரு சொல். எங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் பள்ளிக்கூடத்தில் எழுதுவது: தவணைச் சோதனை, புலமைப்பரிசில் சோதனை, ஓஎல் சோதனை. தவக்காலத்து முதல் ஞாயிறில் இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட நற்செய்தியை வாசித்த பிறகு, சின்னப் பிள்ளை ஒன்று என்னிடம், ‘சேர், அவர் பாஸோ?’ என்று கேட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை சரியான இடத்தில்தான் கைவைத்தது.

கிரேக்க மூலத்திலுள்ள பெய்ராஸ்மோஸ் என்ற சொல்லும் எங்கள் ‘சோதனை’யைப் போல இரண்டையும் குறிக்கும். ஒருவனுடைய உறுதியை அறிய வைக்கும் பரீட்சையும் அதுதான், அவனை விழுத்த வைக்கும் பொறியும் அதுதான். இணைச்சட்ட நூல், இஸ்ரயேலரைக் கடவுள் 40 ஆண்டு பாலைவனத்தில் நடத்திச் சோதித்தார் என்கிறது. யாக்கோபின் திருமுகமோ கடவுள் எவரையும் தீமைக்கு இழுப்பதில்லை, இழுப்பது அவரவர் ஆசையே என்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், கசிப்பு விற்பவனையும் கடவுள்தான் தன் பாதையில் நிறுத்திவைத்திருக்கிறார் என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். கர்த்தர் கற்பித்த செபத்தில் சோதனை பற்றி வரும் வரியிலும் இதே சிக்கல்தான். 2017 இல் பாப்பரசர் பிரான்சிஸ், மனிதனைச் சோதனைக்குள் தள்ளுபவர் தந்தையாக இருக்க முடியாது என்று அந்த வரியின் மொழிபெயர்ப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2020 இன் இறுதியிலிருந்து இத்தாலியத் திருப்பலிப் புத்தகத்தில் அந்த வரி மாற்றப்பட்டது. எங்கள் அம்மம்மாமார் சொல்லிவந்த பழைய தமிழ்ச் செபத்தில் ‘விழவிடாதேயும்’ என்ற சொல்தான் இருந்தது. சோதனை வரும், அதில் விழாமல் பிடித்துக்கொள்ளும் என்ற பொருள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. வகுப்பில் அந்தச் சொல்லை நான் இன்னமும் விடவில்லை.

பிறகு பிள்ளைகளிடமே கேட்டேன், கூடாதது ஒன்றைச் செய்ய மனம் போகும்போது எப்படி இருக்கும் என்று. ‘இழுக்கும்’ என்றார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இழுப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. கடல் உள்ளே இழுக்கும்போது நேரே கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவாய். பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு விலகு, கரையில் நிற்பவனைக் கூப்பிடு என்று தகப்பன்மார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதைவிடச் சரியாக இந்தப் பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

நற்செய்தியாளர் மூவரும் பாலைவனச் சம்பவத்தை ஒரே மாதிரிச் சொல்லவில்லை. மாற்கு இரண்டு வசனத்தில் முடித்துவிடுகிறார். மத்தேயுவும் லூக்காவும் மூன்று சோதனைகளை விரிக்கிறார்கள். கடைசி இரண்டின் வரிசை மட்டும் மாறுகிறது. கல்லை அப்பமாக்கு, ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, என்னை வணங்கினால் உலகத்து அரசுகள் எல்லாம் உனக்கு. இவற்றைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்குக் கைகொடுத்தது நாடகம். தவக்காலம் என்றால் பாடுகளின் நாடகம் என்பது எங்கள் மக்களுக்குப் பழகிய விசயம். 1965 இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் அதைப் பெரும் மேடைக் கலையாகவே வளர்த்தது. எங்கள் வகுப்பில் மேடையும் இல்லை, வேட உடுப்பும் இல்லை. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்பார்கள், அவ்வளவுதான். சாத்தான் வேடத்துக்குத்தான் எப்போதும் போட்டி.

ஒரு நாள் சாத்தானாக நின்ற பெண்பிள்ளை முதலில் கண்ணை உருட்டிக் கத்திப் பார்த்தாள். எதிரே நின்றவன் அசையவில்லை. சிறிது யோசித்துவிட்டுக் கிட்டப் போனாள். குரலைத் தாழ்த்தி, ‘தம்பி, பசிக்குதல்லோ? பாவம், நாப்பது நாளாச்சு. ஒரு துண்டு சாப்பிட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?’ என்றாள். வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. கெடுக்க வருபவன் கொம்போடும் வாலோடும் வரமாட்டான், அக்கறையுள்ளவன் போலத்தான் வருவான் என்று நான் பல ஞாயிறுகள் சொல்லியும் ஏறாத ஒன்றை அவள் ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். நற்செய்தியைத் திரும்பப் படித்தால் அதுவேதான் அங்கும் இருக்கிறது. பசித்தவன் சாப்பிடுவதில் பாவமில்லை. ஆலய உச்சியில் நின்று சாத்தான் பேசுவதும் வேதந்தான். 91ஆம் திருப்பாடலைத்தான் அவன் எடுத்துக் காட்டுகிறான்.

இயேசு அவனோடு வாதாடவில்லை. மூன்று தடவையும் இணைச்சட்ட நூலின் 6ஆம், 8ஆம் அதிகாரங்களிலிருந்து, சிறுவயதில் மனனம் செய்திருக்கக்கூடிய வசனங்களைச் சொல்லி நிறுத்துகிறார். நாலாம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இந்த முறையையே ஒரு நூலாக்கினார். மனிதனைப் பிடித்தாட்டும் எண்ணங்களை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் திருப்பிச் சொல்ல வேதத்திலிருந்து பதில்களைத் திரட்டிவைத்தார். இழுப்பு வந்த பிறகு பதில் தேடக்கூடாது, முன்பே கையில் இருக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். மனனம் செய்விப்பதைப் பழைய முறை என்று இன்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மனனம் செய்யும் வசனத்தோடு பிள்ளையின் சொந்தப் பேச்சில் ஒரு வரியும் வேண்டும். ‘வேண்டாம், நான் வீட்டை போறன்’ என்பதை வகுப்பில் பத்துத் தடவை உரக்கச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, சந்தியில் நிற்கும்போது அது வாயில் வரும்.

தனியே நிற்கும்போது வரும் ஆசையைவிடக் கூட்டத்தோடு நிற்கும்போது வருவது பெரிது. 16 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைப் புனித அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசியால் திருடவில்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது, பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியாக என்றால் அதைச் செய்திருக்கமாட்டேன் என்கிறார். 1,600 ஆண்டுக்கு முந்திய இந்தக் கதையைப் பதின்ம வயதினரிடம் சொன்னால் தலைகள் தாமாகக் குனியும். விளக்கம் சொல்லவே தேவையில்லை.

இனி நோன்புக்கு வருவோம். 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1252ஆம் சட்டப்படி இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்த பின்பே தொடங்குகிறது. ஒருசந்திக் கடமை 18 வயதுக்குப் பின்பு, 60ஆம் வயது தொடங்கும்வரைதான். சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதே சட்டத்தின் பின்பகுதியைத்தான் நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: வயதால் கட்டுப்படாத சிறுவருக்கும் தவத்தின் உண்மைப் பொருளைப் புகட்டுவது குருக்களினதும் பெற்றோரினதும் கடமை என்கிறது அது. சட்டம் கடமையைப் பிள்ளையின் தலையில் வைக்கவில்லை, எங்கள் தலையில் வைத்திருக்கிறது.

புத்தகச் சட்டம் இறைச்சியைத்தான் விலக்குகிறது, மீனை விலக்கவில்லை. நாயாற்றில் மீன் அன்றாடச் சாப்பாடு. ஆட்டிறைச்சியும் கோழியும் பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் வருபவை. வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாமல் இருப்பது இங்கே ஒரு பிள்ளைக்கு எந்த ஒறுத்தலும் ஆகாது. எங்கள் தாய்மார் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். பல வீடுகளில் தவக்காலத்து வெள்ளிகளில் மச்சச் சட்டியே அடுப்பில் ஏறாது. சைவ அயலாரின் விரதத்தைப் பார்த்து வந்த பழக்கமாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் சட்டத்தின் எழுத்தைவிட அதன் உயிரை அது நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. வலை நிறைய மீன் கிடக்கும் நாளில் வீட்டில் பருப்பும் கீரையும் என்றால், ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு அம்மா சொல்லும் பதிலுக்கு ஈடாக எந்த மறைக்கல்வி வகுப்பும் நிற்காது.

அடுத்தது உண்டியல். கரித்தாஸ் நிறுவனத்தின் தவக்காலப் பணிக்காக ஆலயங்களில் காசு சேர்ப்பது எங்கள் நாட்டில் வழமை. வகுப்பில் நாங்கள் பால்மாப் பேணியின் மூடியைக் கத்தியால் கீறி உண்டியல் செய்வோம். ஐஸ்பழத்துக்கு வைத்திருந்த காசை அதற்குள் போடும்போது பிள்ளை ஒரு கணம் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். நாணயம் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் முகம் தெளியும். அந்தக் காசு எங்கே, யாருக்குப் போனது என்று பிறகு பிள்ளைக்குச் சொல்லவேண்டும். விட்டது யாருக்கோ போய்ச் சேர்ந்தது என்று தெரியாத பிள்ளைக்கு விடுதல் வெறும் இழப்பாகவே தங்கிவிடும்.

இப்போது ஆய்வுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியிலிருந்து வால்டர் மிஷெல் நடத்திய பரிசோதனை உலகம் அறிந்தது. நாலைந்து வயதுப் பிள்ளையின் முன் ஒரு இனிப்பு, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்விலும் முன்னேறினார்கள் என்று பிறகு சொல்லப்பட்டது. அதைக் கேட்ட பெற்றோர் உலகெங்கும் பிள்ளைகளின் ‘மனவலிமை’யை அளக்கத் தொடங்கினார்கள். 2018 இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து வேறு ஆய்வாளர் திரும்பப் பார்த்தபோது, குடும்பத்தின் பொருளாதார நிலையையும் தாயின் கல்வியையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிடுவது தெரிந்தது. அதே 2018 இல் வெளியான இன்னொரு ஆய்வில், கமரூனின் இன்சோ விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளில் சுமார் 70 வீதத்தினர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஜேர்மன் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளில் 28 வீதத்தினரே காத்திருந்தார்கள். வறுமை என்றால் பொறுமையின்மை என்ற எளிய முடிவுக்கு அங்கே இடமில்லை.

மிஷெலின் பிள்ளைகள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இனிப்பை உற்றுப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் தோற்றார்கள். கண்ணைப் பொத்தினவர்கள், பாட்டுப் பாடினவர்கள், வேறு விளையாட்டை நினைத்தவர்கள் நின்று பிடித்தார்கள். எங்கள் தகப்பன்மார் கடலைப் பற்றிச் சொன்னதும் இதுதான்.

என்னை அசைத்தது வேறொரு ஆய்வு. அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 28 சிறுபிள்ளைகளை வைத்து நடந்து, 2013 இல் வெளியானது. இனிப்பைக் காட்டுமுன், படம் கீறுவதற்கு நல்ல வர்ணக்கோல்கள் கொண்டுவந்து தருவதாக அவர்களிடம் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். மற்றப் பகுதியினரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்றார்கள். அதன் பிறகு இனிப்பை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் சராசரி மூன்று நிமிடம். பெரியவர்களின் சொல்லை நம்பலாமா, கூடாதா என்பதைக் கொண்டே பிள்ளை தன் ஆசையை அடக்குகிறது. மிஷெல் திரினிடாட்டில் செய்து 1958 இல் வெளியிட்ட முதல் ஆய்வில்கூட, தகப்பன் வீட்டில் இல்லாத பிள்ளைகளே கையிலுள்ள சின்ன இனிப்பைக் கூடுதலாகத் தெரிந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்த பிறகு பையனைத் தனியே கூப்பிட்டு, மீனை ஏன் திரும்பப் போட்டாய் என்று கேட்டேன். நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்து முதலில் பயந்தான். பிறகு சொன்னான்: ‘சம்மாட்டி எப்பிடியும் தாறவர்தானே, சேர்.’ பாவத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ அவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் பங்கு தனக்கு வரும் என்ற நம்பிக்கை அவனிடம் இருந்தது. அந்த நம்பிக்கையை, தான் கொடுப்பது என்னவென்று அறியாமலே, கரைவலைக்குச் சொந்தக்காரரான அந்தச் சம்மாட்டி காலைக்குக் காலை மீன் கொடுத்து அவனுக்குள் வளர்த்துவிட்டிருக்கிறார்.

எங்கள் மண்ணில் இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. 2009 இல் விபூதிப் புதன் பெப்ரவரி 25. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. அந்தத் தவக்காலம் முழுவதும் வன்னி மக்கள் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைத்துண்டுக்குள் நெருக்கப்பட்டுக் கிடந்தார்கள். பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட இடத்தில் எறிகணை விழுந்தது. உப்பில்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குத் தவம் என்ற பெயரில் யாரும் எதையும் விடச் சொல்லவில்லை. விடுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்று எட்டுப் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். இந்தக் காசு வரும், அந்த வீடு வரும், காணாமல் போனவர் வருவார் என்று சொல்லிச் சொல்லிக் காத்திருக்க வைக்கப்பட்டவர்கள் அவர்கள். தகப்பன் இல்லாத வீடுகள் இங்கே ஊர்தோறும் உண்டு. இப்படி வளர்ந்தவர்களின் பிள்ளைகளிடம் போய்ப் பொறு, அடக்கு, காத்திரு என்று மட்டும் சொல்வது போதாது. சில வேளை அது கொடுமையுமாகும். பசித்த பிள்ளையிடம் நோன்பைப் பற்றிப் பேசக் கூடாது. முதலில் சாப்பாடு.

இன்றைய இழுப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் அறிந்தவை. 2020, 2021 இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது படிப்புக்காக வீட்டுக்குள் வந்த போன் பிறகு வெளியே போகவேயில்லை. கசிப்பு பழைய பகை, ஐஸ் என்ற போதைப்பொருள் புதிய பகை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. கசிப்பு காய்ச்சுபவன் வயது கேட்பதில்லை. தடைசெய்யப்பட்ட டைனமைற்றை எறிந்து மீன் பிடிப்பவரும் எங்கள் கடல்களில் உண்டு. ஒரே நாளில் வலை நிறைய வரும், குஞ்சும் முட்டையும் சேர்ந்து அழியும். கல்லை அப்பமாக்கும் சோதனை பெரியவர்களுக்கு வரும் வடிவம் இதுதான். மடியிலிருந்து ஒரு மீனை எடுத்த பிள்ளைக்கு அடி போட்டுவிட்டு, டைனமைற் மீனை மலிவு என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், பிள்ளை அன்று கற்றுக்கொள்வது எது என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றைத் தவக்காலத்தில் யாரும் பேசுவதில்லை. எங்கள் பிள்ளை வளர்ப்பில் கீழ்ப்படிதல் முதல் புண்ணியம். பெரியவர் சொன்னால் செய்யவேண்டும், எதிர்த்துப் பேசக்கூடாது. அதே பெரியவர்களில் ஒருவன் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ரொபி கொடுத்து, ‘அம்மாவுக்குச் சொல்லாதே’ என்றால்? எவருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத பிள்ளை அவனுக்கு மட்டும் எப்படிச் சொல்லும்? சோதனையை மறுக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரியவரை மறுக்கவும் கற்றுக்கொடுத்தாகவேண்டும். ‘அம்மாவுக்குச் சொல்லாதே’ என்ற பேச்சு வந்தால் உடனே அம்மாவிடம் ஓடு என்று எங்கள் வகுப்பில் இப்போது நேரடியாகவே சொல்கிறோம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும் வசனங்களோடு சேர்த்து மனனம் செய்விக்கிறோம். சில பெற்றோர், கோயிலில் இது எதற்கு என்று கேட்டார்கள். பாலைவனத்தில் சாத்தானின் பேச்சும் வேதத்தோடு, அக்கறையோடு வந்தது என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்தினேன்.

பயமுறுத்திக் கற்பிக்கும் முறை எங்களிடம் இன்னும் முற்றாகப் போகவில்லை. நரகத்துப் படத்தைக் காட்டி வளர்க்கப்பட்ட தலைமுறையில் நானும் ஒருவன். சின்ன வகுப்புகளில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன், அதற்காக இன்று வருந்துகிறேன். பயந்த பிள்ளை தவறைச் செய்யாமல் விடுவதைவிட மறைக்கவே விரைவாகக் கற்றுக்கொள்கிறது. எங்கள் மரபுக்குள்ளேயே வேறு வழி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலங்களில் முதியவர்கள் பாடிவந்தார்கள். அது கேட்பவரைத் துயரத்தாலும் இரக்கத்தாலும் தொடும். சின்னப் பிள்ளைகள் பாய்களில் தூங்கிக்கொண்டே அந்த இராகத்தைக் கேட்டு வளர்ந்தார்கள். இப்போது அது பாடத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

அயலாரிடமிருந்தும் கற்க நிறைய உண்டு. கந்தசஷ்டிக்குத் தாயோடு விரதமிருக்க அடம்பிடிக்கும் சைவப் பிள்ளையும், அரை நாள் நோன்பாவது பிடிக்கவேண்டும் என்று விடியற்காலையில் எழும்பும் முஸ்லிம் பிள்ளையும் எங்கள் மாவட்டத்தில்தான் வளர்கிறார்கள். 2025 இல் றமழானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் ஒருசேரத் தொடங்கின. அந்த வீடுகளில் பிள்ளையை யாரும் வற்புறுத்துவதில்லை. பெரியவர்கள் சேர்ந்து செய்வதைப் பார்த்து, தானும் அவர்களில் ஒருவராக இருக்கவேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிறது. நோன்பு தண்டனையாகத் தெரியாமல் பெரியவர்களோடு சேர்ந்துகொள்ளும் பெருமையாகத் தெரிகிறது. அகுஸ்தீனாரைப் பேரிக்காய்த் தோட்டத்துக்கு இழுத்துப்போனது கூட்டம் என்றால், இந்தப் பிள்ளைகளை நோன்புக்கு இழுப்பதும் கூட்டந்தான். திருக்குறள் அடக்கமுடைமையை இல்லறவியலுக்குள், 13ஆம் அதிகாரமாக வைத்திருக்கிறது. அவாவறுத்தல் துறவறவியலில், 37ஆம் அதிகாரமாக வருகிறது. பிள்ளைகளுக்கு வேண்டியது முதலாவது, அது வளருமிடம் வீடு.

ஆகவே தாய் தகப்பன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற விபூதிப் புதன் நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பி, இந்த 40 நாளும் நீ எதை விடப்போகிறாய் என்று பிள்ளையிடம் கேட்பீர்கள். அதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு சோடிச் செருப்பாக இருக்கலாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றதாகவோ, குடியை விடுகிறேன் என்று தலையில் அடித்துச் சொன்னதாகவோ இருக்கலாம். அவற்றில் ஒன்றையாவது உயிர்த்த ஞாயிறு வருமுன் செய்து முடியுங்கள்.